10,53,780 எப்படி 9,70,680 ஆனது: ஏற்காட்டுக் குடும்பம் ஒன்று சேலத்தில் கார் வாங்கிய விவரம்

2024 டிசம்பரில் என் அக்காவும் மாமாவும் ஒரு கார் வாங்கினார்கள். ஷோரூமில் முதல் நாள் கையில் கொடுத்த தாளில் தள்ளுபடி போக 10,53,780 ரூபாய் என்று இருந்தது. கடைசியில் அவர்கள் கையை விட்டுப் போனது 9,70,680 ரூபாய். அதே மாடல், அதே வேரியன்ட், அதே ஷோரூம். வித்தியாசம் 83,100.

இந்த 83,100 ரூபாயில் வண்டி விலையில் கிடைத்த கூடுதல் தள்ளுபடி 27,000 மட்டும்தான். மீதி 56,100 ரூபாய், விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்த மற்ற செலவுகளிலிருந்து வந்தது. கார் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் "எவ்வளவு தள்ளுபடி தருவீங்க?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டேன். அந்தக் கேள்வியிலேயே பாதிப் பணம் போய்விடுகிறது என்பதை இந்த ஒரு வாங்கலை வைத்துச் சொல்லப் பார்க்கிறேன்.

நான் செவ்வாய்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறவன். எங்கள் தொழிலில் வெள்ளி விலையைப் பற்றி யாரும் பேரம் பேசுவதில்லை. அது காலையிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. பேச்சு எல்லாம் கூலியிலும் சேதாரத்திலும் டச் என்கிற வெள்ளித் தரத்திலும்தான். வெளியூரிலிருந்து புதிதாக வரும் வியாபாரி வெள்ளி விலையில் கிலோவுக்கு நூறு குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுவார். பழகிய வியாபாரி விலையைத் தொடவே மாட்டார். சேதாரத்தை மட்டும் கேட்டுவிட்டு உட்காருவார். கார் ஷோரூமிலும் கணக்கு இப்படித்தான் ஓடுகிறது. எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது பதிவும் வாழ்நாள் வரியும் இன்சூரன்ஸும் சேராத வண்டி விலை, கம்பெனி அறிவித்தது. அதில் டீலருக்குக் கிடைக்கும் பங்கு அதிகமில்லை. இன்சூரன்ஸ், கடன், ஆக்சஸரீஸ், பழைய வண்டி, இந்த நாலும்தான் அவர்களுக்குக் கூலியும் சேதாரமும்.

குடும்பமும் தேவையும்

அக்கா வீடு ஏற்காட்டில், நாகலூர் பக்கம். கொஞ்சம் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு. காப்பிப் பழம் பறிப்பு கார்த்திகையில் தொடங்கி தை வரை ஓடும். பணம் மாசா மாசம் வராது. மாசி, பங்குனியில் மொத்தமாக வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடன் விஷயத்தில் இது பெரிதாகக் கணக்காகும்.

அவர்களிடம் இருந்தது 2014 மாடல் சின்ன கார். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவு. பத்து வருடம் ஏறி இறங்கி கிளட்ச் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. மாமாவுக்கு முழங்கால் வலி வேறு. எல்லாம் சேர்த்து 10 லட்சத்துக்குள் முடிய வேண்டும், அதில் 5 லட்சம் கடன். இதுதான் திட்டம்.

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. 2016இல் நான் வாங்கியபோது ஒரு ஷோரூமில் 20,000 தள்ளுபடி என்று சொன்னதும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து தாள்களைப் பிரித்துப் பார்த்தால் நான் கேட்காத கோட்டிங், கேட்காத மெம்பர்ஷிப் கார்டு, வெளியே கேட்டதைவிடப் பல ஆயிரம் கூடுதலான இன்சூரன்ஸ். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் கணக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்ற வேதனை எனக்கு இன்னும் போகவில்லை.

முதல் நாள்

முதல் நாள் நாங்கள் செய்தது எல்லாம் தவறு. அதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் மற்றவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

உள்ளே போனதும் அக்கா சிவப்பு நிற வண்டியைத் தொட்டுப் பார்த்து, "இதுதாங்க வேணும், தைப்பொங்கலுக்கு வீட்டுல நிக்கணும்" என்று சொல்லிவிட்டாள். விற்பனைப் பிரதிநிதி, ஆத்தூர் பக்கத்துப் பையன், மிகவும் மரியாதையானவன். தண்ணீர் பாட்டில் கொடுத்து உட்காரவைத்து முதலில் கேட்டது, "சார், மாசம் எவ்வளவு கட்டலாம்னு நினைக்கிறீங்க?" மாமா யோசிக்காமல், "பதினொன்னு, பதினொன்னரை வரைக்கும் கட்டலாம் தம்பி" என்றார்.

என்ன நிறம், எந்த நாள், மாசம் எவ்வளவு. மூன்றையும் பத்து நிமிடத்தில் கொடுத்தாயிற்று. கொங்கணாபுரம் சனிக்கிழமைச் சந்தையில் ஆடு வாங்கப் போகிறவர், கிடாயைப் பார்த்ததும் "இதை இன்னைக்கு ஓட்டிட்டுத்தான் போவேன்" என்று வாய்விட்டுச் சொல்வாரா? மாமா அந்தச் சந்தையில் எத்தனையோ முறை ஆடு பிடித்தவர். குளிரூட்டிய அறையும் கண்ணாடிச் சுவரும் அந்தப் பழக்கத்தை மறக்கடித்துவிட்டன.

அரை மணியில் கொட்டேஷன் வந்தது.

எக்ஸ்-ஷோரூம் விலை 8,46,000
லைஃப் டாக்ஸ் 1,09,980
ரிஜிஸ்ட்ரேஷன் செலவுகள் 9,500
இன்சூரன்ஸ் 46,800
எக்ஸ்டெண்டட் வாரண்டி 14,800
ஆக்சஸரீஸ் கிட் 28,600
ஹேண்ட்லிங் 7,500
ஃபாஸ்டேக் 600
மொத்தம் 10,63,780. தள்ளுபடி 10,000. ஆன்ரோடு 10,53,780.

கூடவே, "சார், கொஞ்சம் கூடப் போட்டா டாப் வேரியன்ட், ஆட்டோமேட்டிக் கியர், மலைக்கு நல்லா இருக்கும். மாசம் நாலாயிரம்தான் கூட வரும்" என்றான். அக்கா மாமாவின் முழங்காலைப் பார்த்தாள். அந்த நாலாயிரத்தைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும்.

டாப் வேரியன்ட்டின் எக்ஸ்-ஷோரூம் 10,12,000. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புதிய காருக்கான வாழ்நாள் வரி (லைஃப் டாக்ஸ்) நாலு படியாக இருக்கிறது: 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வருமான வரி போல மேலே உள்ள பகுதிக்கு மட்டும் கூடுதல் வரி என்று இல்லை; 10 லட்சத்தைத் தாண்டினால் முழு விலைக்கும் 18 சதவீதம். ஆக 8,46,000க்கு 1,09,980 கட்டுகிறவர், 10,12,000க்கு 1,82,160 கட்ட வேண்டும். அதோடு 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்கிறவர் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி), 10,120. இது வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளக்கூடியது என்றாலும் இன்று கையிலிருந்து போகிற பணம். எல்லாம் சேர்த்தால் வித்தியாசம் 2,48,300. ஐந்து வருடக் கடனில் இதற்கு மாசம் ஐயாயிரத்துக்கு மேல் வரும். நாலாயிரம் எப்படி வந்தது? அவன் கடனை ஏழு வருடத்துக்கு நீட்டியிருந்தான். மாசத் தொகை எவ்வளவு என்று பேச ஆரம்பித்தால் வருடம் நீளுவது கண்ணில் படுவதே இல்லை.

பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு மாத இலக்கு இருக்கிறது. வண்டி எத்தனை, இன்சூரன்ஸ் எத்தனை, ஆக்சஸரீஸ் எவ்வளவு ரூபாய்க்கு என்று தனித்தனியாகக் கேட்பார்கள். அன்று ஒன்றும் முடிவு சொல்லாமல், ஷோரூம் லெட்டர்பேடில் முத்திரையோடு கொட்டேஷனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். அந்த நாளில் நாங்கள் செய்த ஒரே சரியான காரியம் அது.

மூன்று தாள்

அடுத்த வாரம் அதே வண்டிக்கு சேலத்தில் இன்னொரு டீலரிடமும் ஈரோட்டில் ஒருவரிடமும் கொட்டேஷன் வாங்கினேன். வாழ்நாள் வரி தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான், ஈரோட்டில் வாங்கி சேலத்தில் பதிவு செய்வதில் தடை எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் "வரி வரியாகப் போட்டு அனுப்புங்க" என்று மட்டும் கேட்டேன். மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் விஷயம் தெளிவானது. எக்ஸ்-ஷோரூமும் லைஃப் டாக்ஸும் மூன்றிலும் ஒரு ரூபாய் மாறவில்லை. அவை இரண்டும் போக மற்ற எல்லாத் தொகைகளும் மாறின. ஈரோட்டுத் தாளில் ஹேண்ட்லிங் என்ற செலவே இல்லை. இன்னொரு தாளில் தள்ளுபடி 30,000 என்று கொட்டை எழுத்தில் இருந்தது, ஆனால் அதன் மொத்தம் முதல் தாளைவிடச் சில ஆயிரம்தான் குறைவு.

இரண்டாம் முறை போனது டிசம்பர் 20க்கு மேல். மார்கழி பிறந்துவிட்டது. வருடக் கடைசியில் கம்பெனிகள் அந்த ஆண்டில் தயாரான வண்டிகளைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஜனவரியில் விலை ஏற்றம் என்ற அறிவிப்பும் வரும். ஆனால் நம் ஊரில் மார்கழியில் வண்டி எடுக்கிறவர் குறைவு. கம்பெனிக்கு அவசரம், வாங்குகிறவர் ஒதுங்கி நிற்கிறார். தமிழ்நாட்டில் பேரம் பேச இதைவிட நல்ல இரண்டு வாரம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆடி மாதமும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

இந்த முறை பேசியது அக்கா. நான் அவளிடம் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: தாளில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, "இது எதுக்குங்க தம்பி?" என்று கேட்க வேண்டும், அப்புறம் பதில் வரும் வரை பேசக் கூடாது. என்னால் அப்படி இருக்க முடியாது. நான் கேள்வியும் கேட்டுப் பதிலையும் நானே சொல்லிவிடுகிற ஆள்.

ஹேண்ட்லிங் வரியில் விரல் வைத்தாள். "வண்டியை இங்க கொண்டு வர்ற செலவுங்க மேடம்." அக்கா பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கம்பெனி விலையிலயே கொண்டு வர்ற செலவு சேர்ந்துதானுங்களே இருக்கு?" என்றாள். அவன் மேனேஜர் அறைக்குப் போய் வந்து, "அதை எடுத்துடலாங்க மேடம்" என்றான். 7,500 போனது. அதற்கு ஆன நேரம் ஐந்து நிமிடம்.

ரிஜிஸ்ட்ரேஷன் 9,500. கார் பதிவுக் கட்டணம் 600, கடனை ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) ஏற்ற 1,500, ஸ்மார்ட் கார்டுக்கு 200. இதெல்லாம் மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளது. அதோடு மாநிலத்தின் சாலைப் பாதுகாப்பு வரி. "ரசீது எவ்வளவுக்கு வருதோ அதைக் கொடுத்துடறோங்க" என்றாள் அக்கா. அலைச்சலுக்கு ஒரு சிறு தொகை சேர்த்து 5,200இல் நின்றது. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடக்கிற ஆளுக்குச் சம்பளம் வேண்டும்தானே, அந்தத் தொகையை முழுக்கக் குறைக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆக்சஸரீஸ் கிட் 28,600. மேட், மட் ஃப்ளாப், சீட் கவர், டோர் வைசர், பாடி கோட்டிங், அடிப்பக்கக் கோட்டிங், கூடவே ஒரு வாசனை புட்டி. எங்களுக்கு வேண்டியது மேட்டும் மட் ஃப்ளாப்பும். மழைக்காலத்தில் நாகலூர் ரோட்டுச் செம்மண் கதவு வரை தெறிக்கும். சீட் கவரை லீ பஜார் பக்கத்தில் தைத்துக்கொள்ளலாம். கோட்டிங்குகளைப் பற்றி என் கருத்து: புது வண்டியின் பெயிண்டுக்கும் துருவுக்கும் கம்பெனியே பாதுகாப்பு செய்துதான் அனுப்புகிறது, முதல் நாளே அதன் மேல் இன்னொன்று பூச அவசரமில்லை. கடைசியில் மேட்டும் மட் ஃப்ளாப்பும் இலவசமாக வந்தன, மீதியை எடுத்துவிட்டார்கள். 28,600 போனது. ஒட்டுமொத்தப் பேரத்தில் பெரிய தொகை இதுதான், பேசவே தேவைப்படாத தொகையும் இதுதான். வேண்டாம் என்று சொன்னால் போதும்.

இன்சூரன்ஸ்

இதற்குத்தான் நேரம் அதிகம் பிடித்தது. புதிய காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பரிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு இந்த மூன்று வருடத் தொகை 10,640. இது அரசு நிர்ணயித்தது, எந்தக் கம்பெனியிலும் ஒரே தொகை. வண்டியின் சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டை ஒரு வருடத்துக்கு எடுத்தால் போதும். பேரம் முழுக்க இந்த இரண்டாவது பகுதியிலும், அதற்கு மேல் அடுக்கும் கூடுதல் காப்புகளிலும்தான் இருக்கிறது.

டீலர் போட்ட 46,800இல் ஆறு கூடுதல் காப்பு இருந்தது. நெத்திமேட்டில் எங்களுக்குப் பழக்கமான ஏஜென்ட் ஒருவர் இருக்கிறார். அவரிடம் அதே ஐ.டி.வி. (காப்பீட்டில் வண்டிக்குப் போடும் மதிப்பு), அதாவது எக்ஸ்-ஷோரூமில் 95 சதவீதமான 8,03,700 வைத்துக் கேட்டேன். ஐ.டி.வி.யைக் குறைத்துப் போட்டால் பிரீமியம் குறைந்த மாதிரி தெரியும், வண்டி முழுக்கப் போனால் கிடைக்கும் பணமும் குறையும். ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் காப்பு), எஞ்சின் பாதுகாப்பு இரண்டை மட்டும் வைத்துக்கொண்டோம். சாவி தொலைந்தால், டயர் கிழிந்தால் என்பவற்றை விட்டோம். உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பும் வரியும் சேர்த்து 33,900 என்றார். குறைந்த 12,900இல் ஏறக்குறைய பாதி விட்டுவிட்ட காப்புகளால் வந்தது, மீதிப் பாதி பிரீமியத்தில் கிடைத்த தள்ளுபடியால் வந்தது. இதை நேர்மையாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். முழுவதும் டீலரின் லாபம் என்று சொன்னால் தப்பு.

வெளியே எடுக்கிறோம் என்றதும் முதல் முறையாகக் குரல் மாறியது. மேனேஜர் வந்தார். "வெளிய போட்டா ஆஃபர் வராதுங்க சார். கேஷ்லெஸ்ஸும் கிடைக்காது." கேஷ்லெஸ் என்றால், ரிப்பேர் பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராக வொர்க்ஷாப்புக்குக் கட்டுவது. இன்சூரன்ஸை எங்கே எடுப்பது என்பது வாங்குகிறவர் முடிவு. டீலர்கள் இன்சூரன்ஸ் விற்பதற்கு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்கிற காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிமுறைகள் 2017இலிருந்து இருக்கின்றன, தன்னிடம்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த டீலருக்கு அதில் இடமில்லை. நான் அதைச் சட்டம் பேசுகிற மாதிரிச் சொல்லவில்லை. "ஆஃபர் கம்பெனியோடதுங்களா, இன்சூரன்ஸோடதுங்களா? இன்சூரன்ஸ் எடுத்தாத்தான் ஆஃபர்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுத்துடுங்க சார், பார்த்துட்டு முடிவு பண்றோம்" என்றேன். எழுதித் தரவில்லை. அதற்குப் பதிலாக 36,500க்கு இறங்கினார்.

2,600 ரூபாய் வித்தியாசத்துக்கு டீலரிடமே எடுத்திருக்கலாம் என்றுதான் எனக்கு இப்போதும் தோன்றுகிறது. வண்டியில் ஏதாவது உரசல் என்றால் நேராக அங்கேயே விட்டுவிட்டு வரலாம். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. பழைய வண்டி ஒரு முறை வளைவில் மோதியபோது ராத்திரி ஒன்பது மணிக்கு மலையேறி வந்து நின்றவர் அந்த ஏஜென்ட். "அந்த மனுசனை விட்டுட்டு வேற ஆள்கிட்ட எப்படி மாப்ள எடுக்கறது?" என்றார். கேஷ்லெஸ் விஷயத்தை மட்டும் முன்கூட்டியே உறுதி செய்துகொண்டோம்: அந்த இன்சூரன்ஸ் கம்பெனி அதே டீலரின் வொர்க்ஷாப் பட்டியலில் இருந்தது.

எக்ஸ்டெண்டட் வாரண்டி 14,800 என்பது 12,000 ஆனது. அதைப் பெரிதாகப் பேசவில்லை. மலையில் ஓடும் வண்டிக்கு வாரண்டி தேவை.

ஏழு சதவீதம்

ஷோரூம் மேசையிலேயே கடன் கொடுக்கும் ஆளும் இருந்தார். "ஏழு சதவீதம்தாங்க" என்றார். எங்கள் பாங்கில் 9.2 என்றார்கள். மாமாவுக்கு ஏழு இனித்தது.

அந்த ஏழு, ஃப்ளாட் வட்டி, அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே போடுவது. 5 லட்சத்துக்கு வருடம் 35,000, ஐந்து வருடத்துக்கு 1,75,000 வட்டி, மாசம் 11,250. முதல் நாள் மாமா சொன்ன "பதினொன்னு, பதினொன்னரை" இங்கே வந்து பொருந்தி உட்கார்ந்ததைக் கவனியுங்கள். பாங்கின் 9.2 குறையும் இருப்புக்கான வட்டி. கட்டக் கட்ட அசல் குறையும், குறைந்த அசலுக்குத்தான் வட்டி. மாசம் 10,428, மொத்த வட்டி ஏறக்குறைய 1,25,700. ஏழு சதவீதக் கடனில் 49,000க்கு மேல் கூடுதல் வட்டி! ஏழு சதவீத ஃப்ளாட்டைக் குறையும் இருப்புக் கணக்கில் மாற்றினால் 12.5 சதவீதம் வருகிறது.

இதைக் கண்டுபிடிக்கக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி, கடன் கொடுக்கிறவர்கள் கையெழுத்துக்கு முன்பு கே.எஃப்.எஸ். என்ற விவரத் தாளைத் தர வேண்டும். அதில் ஏ.பி.ஆர். என்று, எல்லாக் கட்டணமும் சேர்த்த உண்மையான வருட வட்டி எழுதியிருக்கும். "ஏ.பி.ஆர். எவ்வளவுங்க?" என்று கேட்டதும் மேசையிலிருந்தவர் பேச்சை மாற்றினார்.

இன்னொன்றும் பார்த்தோம். மாமாவுக்குக் காப்பிப் பணம் மொத்தமாக வரும்போது கடனில் ஒரு பகுதியை முன்கூட்டியே அடைக்க வேண்டும். மிதக்கும் (அவ்வப்போது மாறும்) வட்டியில் தனிநபர் வாங்கிய கடனுக்கு பாங்க் இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. நிலையான வட்டிக் கடன் என்றால் வாங்கலாம். கார் கடன்கள் பலவும் நிலையான வட்டியில்தான் வருகின்றன, அதனால் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும். பாங்கில் மிதக்கும் வட்டியிலேயே எடுத்தோம்.

இந்த 49,000 நான் முதலில் சொன்ன 83,100இல் சேரவில்லை. அது வேறு.

பழைய வண்டி

பழைய வண்டியைப் பற்றி முதல் இரண்டு முறையும் நாங்கள் வாய் திறக்கவில்லை. புது வண்டி விலையும் பழைய வண்டி விலையும் ஒரே பேச்சில் கலந்தால், இங்கே பத்து கொடுத்து அங்கே பதினைந்து எடுப்பது சுலபம். புது வண்டியின் மொத்தம் தாளில் ஏறிய பிறகுதான் "எக்ஸ்சேஞ்ச் எடுப்பீங்களா?" என்றோம். 1,65,000 என்றார்கள், போனஸ் 15,000. தெரிந்த மெக்கானிக் மூலம் ஒருவர் வெளியே 2,10,000 கேட்டிருந்தார். அதைச் சொன்னதும் 1,90,000க்கு ஏறினார்கள், போனஸோடு 2,05,000.

ஐயாயிரத்தை விட்டுவிட்டு டீலரிடமே கொடுத்தோம். வெளியே கேட்டவர் இரண்டு தவணையாகத் தருகிறேன், பெயர் மாற்றம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஆர்.சி.யில் பெயர் மாறாதவரை அந்த வண்டி விபத்து செய்தால் பொறுப்பு பழைய உரிமையாளர் மேல்தான் வரும். உச்ச நீதிமன்றம் 2018இல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. டீலரிடம் கொடுத்தாலும் இந்த ஆபத்து இருக்கிறது, அவர்கள் இன்னொருவருக்கு விற்கும் வரை பெயர் உங்களுடையதுதான். அதற்காக 2023 ஏப்ரலிலிருந்து ஒரு வழி வந்திருக்கிறது: அங்கீகாரம் பெற்ற பழைய வாகன டீலரிடம் ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்தால், அன்றிலிருந்து வண்டிக்கு டீலரே பொறுப்பு. அதைக் கேட்டோம். "யாரும் கேக்கறதில்லையே சார்" என்றார்கள். கேட்டு வாங்கிக்கொண்டோம்.

நாள்

தள்ளுபடிப் பேச்சும் வண்டி எடுக்கும் நாளில்தான் வந்து நின்றது. கம்பெனியின் வருடக் கடைசி ஆஃபர் 25,000, டிசம்பர் 31க்குள் பில் போட்டால் மட்டும். மாமா மார்கழியில் வண்டி எடுக்க மாட்டார். ஒரு மணி நேரம் பேச்சு அங்கேயே சுற்றியது. முடிச்சை அவிழ்த்தது அக்காதான்: "பேப்பர் வேலைக்கு மார்கழி எதுக்குங்க? வண்டி வீட்டுக்கு வர்ற நாள்தானுங்களே நாள்." பில்லும் பதிவும் டிசம்பரில், டெலிவரி தை ஒன்று, 2025 ஜனவரி 14.

இதற்கும் விலை உண்டு. இன்சூரன்ஸில் இரண்டு வாரம் வீணாகப் போகிறது, கடன் வட்டி ஓட ஆரம்பித்துவிடுகிறது, அது 1,900 ரூபாய் வரை வரும். 25,000க்கு அது பரவாயில்லை. இடைப்பட்ட நாளில், வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டில் வண்டிக்கு ஏதாவது ஆனால் டீலர் பொறுப்பு என்று எழுதி வாங்கினோம். இவ்வளவும் பேசி முடித்து எழுந்திருக்கும் நேரத்தில், டீலர் தன் பங்காக 12,000 கொடுத்தார். ஆக தள்ளுபடி 37,000. ஈரோட்டுத் தாள் மேசை மேல் இருந்தது அதற்கு உதவியிருக்க வேண்டும், நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

முழுப் பணம் கட்டும் முன்பு சேசிஸ் எண்ணைக் கேட்டு, யார்டுக்கே போய் வண்டியைப் பார்த்தோம். முதலில் காட்டியது ஜூனில் தயாரானது. ஆறு மாதம் வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டி. அதை எடுத்தால் இன்னும் 10,000 குறைப்பதாகச் சொன்னார்கள். நான்தான் வேண்டாம் என்றேன், செப்டம்பரில் தயாரான வண்டி கிடைத்தது. இப்போது யோசித்தால், பத்து வருடம் வைத்து ஓட்டப் போகிறவர்களுக்கு மூன்று மாத வித்தியாசம் பெரிதில்லை. பேட்டரி, டயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்தப் பத்தாயிரத்தை வாங்கியிருக்கலாம். தயாரான மாதமும் வருடமும் விற்பனைச் சான்றான படிவம் 21இல் இருக்கும். ஆனால் அது கையில் வருவதற்குள் பணம் கட்டியாகிவிடும் என்பதால், முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசிக் கணக்கு: 8,46,000இல் 37,000 போக 8,09,000. லைஃப் டாக்ஸ் 1,09,980, பதிவு 5,200, இன்சூரன்ஸ் 33,900, வாரண்டி 12,000, ஃபாஸ்டேக் 600. மொத்தம் 9,70,680.

2025 செப்டம்பர் 22இலிருந்து இந்த அளவு பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்த 29 சதவீதம் 18ஆகக் குறைந்துவிட்டதால், இப்போது வாங்குகிறவர்களுக்கு தாளின் முதல் வரியில் உள்ள எண் வேறாக இருக்கும். அதற்குக் கீழே உள்ள தலைப்புகள் இதேதான்.

தை ஒன்றாம் தேதி கோட்டை மாரியம்மன் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் ஏற்றி, அன்று மாலையே வண்டி மலையேறியது. ஆத்தூர்ப் பையன் டெலிவரி அன்று லீவில் இருந்தும் வந்து நின்று, அக்காவுக்கு ஒவ்வொரு பட்டனாகச் சொல்லிக்கொடுத்தான். அவனுக்காகத் தெரிந்த இரண்டு குடும்பங்களை அந்த ஷோரூமுக்கு அனுப்பியிருக்கிறேன். கையில் ஒரு தாளும் கொடுத்து.

மார்ச் மாதம் மாமாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. பழைய வண்டி சிக்னலைத் தாண்டியதற்கு இ-சலான். வண்டி கையை விட்டுப் போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது, ஆர்.சி.யில் பெயர் இன்னும் மாறவில்லை. மாமா பதறிப்போய் எனக்குப் போன் செய்தார். பீரோவில் அக்கா பத்திரமாக வைத்திருந்த 29சி நகலைப் போட்டோ எடுத்து டீலருக்கு அனுப்பினோம். மறுநாள் சாயங்காலத்துக்குள் அபராதத்தை அவர்களே கட்டிவிட்டார்கள், அந்த வாரமே பெயரும் மாறியது.